வெள்ளி நிறச் செடியா காரைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்

ஆழியார் (கோயம்புத்தூர்)
4 அக்டோபர் 2025, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம்.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி இறங்கிவிட்டது. இந்த ஆண்டில் இது இரண்டாவது முறை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, மறுபடி அதே இடத்தில் நிறுத்தி உறையைப் போர்த்தினேன். போர்த்தும்போதுதான் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு முதல் தடவையாக வந்தது. மூன்று நாளாக அது போகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2007 மிட்சுபிஷி செடியா. வெள்ளி நிறம், 2 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல். 115 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைக்கு இந்த எண்கள் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, சின்ன டர்போ வண்டிகளே இதைத் தாண்டிவிட்டன. ஆனால் இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஸ்டீயரிங் ஹைட்ராலிக். ரோட்டில் ஒரு கல்லின் மேல் டயர் ஏறினால் உள்ளங்கைக்குத் தெரியும். பின்பக்கம் மல்டி லிங்க் சஸ்பென்ஷன், வளைவில் பாதியில் குழி வந்தாலும் பின்பகுதி விலகாது. மிட்சுபிஷியின் வேகக் கார்களான லான்சர் ஈவோ 7 முதல் 9 வரை இதே உடல் அமைப்பின் மேல்தான் கட்டினார்கள். திருவள்ளூரில், நம் ஊர்த் தொழிலாளர்கள் கையால் உருவான வண்டி.

இதை வாங்கியதற்குக் காரணம் ராலிப் பந்தயம். கேத்தனூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் ரோட்டில் எம்.ஆர்.எஃப். அணியின் செடியா ஒன்று குறுக்கே சறுக்கிக்கொண்டு வந்ததை வரப்பில் நின்று பார்த்தேன். புழுதி என் மேல் விழுந்து அடங்கும்வரை நகரவில்லை. 2011-இல் ஈரோட்டு டாக்டர் ஒருவர் தம் செடியாவை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அப்பா மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், கார் என்றால் அம்பாசிடர்தான் என்று நினைத்தவர். திரும்பி வரும்போது பெருந்துறை தாண்டியதும், "கண்ணு, இதுல எத்தனை போற?" என்று கேட்டார். சொன்னேன். "தெரியவே இல்லையே" என்றார். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். பெட்ரோல் போட்ட தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய். 2019-இல் அவர் தவறும்வரை அந்த நோட்டை அவர்தான் எழுதினார். வால்பாறைக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறோம். ஆழியாறில் மீன் வறுவல், அப்புறம் 40 கொண்டை ஊசி, ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் பார்ப்பது. இரண்டாவது கியரில் 4,000 சுற்றில் வளைவை விட்டு வெளியே வரும்போது அந்த இன்ஜின் போடும் குரலை அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விஜயமங்கலம் டோலுக்கென்று சில்லறையைக் கையிலேயே எண்ணி வைத்துக்கொண்டு உட்காருவார்.

இப்போதைய நிலைமை இது. மீட்டர் 1,46,000. கடைசி இரண்டு ஆண்டில் ஓடியது வெறும் 1,100. அடுக்குமாடிக்குக் குடிவந்தாயிற்று, ஒரே ஒரு பார்க்கிங். போன டிசம்பரில் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சை. செடியாவின் சீட் தாழ்வு. செக்கப்புக்குக் கூட்டிப்போன அன்று, கதவைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்த நிலையில் அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் கையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "இந்த வண்டின்னா உனக்கு உசுரு, தெரியும் கண்ணு. எனக்கு ஒரு ஆட்டோ புடிச்சுக் குடுத்துரு" என்றார். ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டு, பின்னாலேயே செடியாவில் தனியாகப் போனேன். அந்த நாள் இன்னும் உறுத்துகிறது.

அம்மாவுக்கு ஏறி இறங்கத் தோதான வண்டி ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு வண்டிக்கு இடமில்லை. மனைவி, "நீங்களே முடிவு பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்கிறாள். அதுவே பெரிய பாரமாக இருக்கிறது.

கொடுத்தவர்களும், கொடுக்காமல் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்.

---

இக்கான் 1.6 (தாம்பரம்)
4 அக்டோபர் 2025, இரவு 11:31

கொடுக்காதீர்கள் என்று எழுத ஆரம்பித்து, அம்மா ஆட்டோ கேட்ட இடத்துக்கு வந்ததும் அழித்துவிட்டேன்.

என் ஃபோர்டு இக்கான் 1.6-ஐ 2016-இல் கொடுத்தேன். மறைமலை நகரில் செய்த வண்டி. நான் தினமும் அந்தத் தொழிற்சாலை வழியாகத்தான் வேலைக்குப் போவேன். 2022-இல் அங்கே உற்பத்தி நின்றபோது வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விற்றதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்கு விற்றேன் என்று தெரியாததுதான் வருத்தம். அவசரத்தில் ஒரு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயர் மாற்றவே இல்லை. 2019-இல் என் போனுக்கு ஒரு அபராதச் செய்தி: கிருஷ்ணகிரி அருகே அதிவேகம். படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். என் இக்கான் உயிரோடு இருக்கிறது, நன்றாக ஓடுகிறது! அப்புறம்தான் பயம் வந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். எனக்கு அந்தப் பெயரை மாற்ற வைக்க எட்டு மாதம் ஆயிற்று. நீங்கள் கொடுப்பதென்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, ஆன்லைனில் விண்ணப்பம் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. லோன் போட்டு வாங்கியிருந்தால் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்து பத்து வருடம் ஆனவர்கள்கூட இதை மறந்திருப்பார்கள்.

---

கான்டெசா மகள் (திருச்சி)
5 அக்டோபர் 2025, காலை 6:20

நான் இங்கே படிப்பதோடு சரி, அதிகம் எழுதியதில்லை. இதற்கு எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

என் அப்பாவிடம் ஒரு கான்டெசா கிளாசிக் இருந்தது. இசுசு இன்ஜின் போட்ட 1.8. கருநீலம். எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் பிள்ளைகள் எல்லோரும் ஓடி வருவார்கள். நான் கார் ஓட்டப் பழகியதே அதில்தான், ஸ்டீயரிங்குக்கு மேல் தலை தெரியாது என்று அப்பா தலையணை போட்டு உட்கார வைத்தார்.

2009-இல் அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்தது. வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். மூன்று பேர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார்கள். அதில் ஒருவர் சேலத்துக்காரர், பழைய வண்டிகளை உயிர் போல வைத்திருப்பவர், இரண்டு தடவை வந்தார். அப்பா கொடுக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை, அவர் மனசு நோகும் என்று. முதல் வருடம் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தோம். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் இல்லை.

2021-இல் அப்பா போன பிறகு கொட்டகையைத் திறந்தால் தரை தெரிந்தது, வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால். தரைத் தகடு அப்படி அரித்திருந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப்போனார்கள். கிரேன் தூக்கும்போது பின்கதவு தனியாகக் கழன்று விழுந்தது.

சேலத்துக்காரர் முதல் தடவை வந்தபோதே கொடுத்திருந்தால், அது இன்றைக்கும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அண்ணா, நீங்கள் 1,100 கிலோமீட்டர் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

---

பட்டறை (மதுரை)
5 அக்டோபர் 2025, மதியம் 2:15

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 26 வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். ஓடிக் கெட்ட வண்டியைச் சரி செய்துவிடலாம். நின்று கெட்ட வண்டிதான் கஷ்டம்.

நிற்கிற வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கேலிப்பர் பிஸ்டன் உள்ளே துருப்பிடித்து இறுகும். இன்ஜின் ஓடாவிட்டால் ஆயில் கீழே வடிந்து சீல்கள் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. வாரம் ஒரு டேங்க் தீர்க்கிறவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், பம்பையும் இன்ஜெக்டரையும் அதுதான் முதலில் தின்னும். 2007 வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் இந்த எரிபொருளை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. விற்பதோ வைத்திருப்பதோ, எரிபொருள் ஹோஸ்களை இப்போதே மாற்றிவிடுங்கள் தம்பி. அப்புறம் பாதி டேங்குக்குக் கீழே வைத்து ஓட்டித் தீர்த்து, புதிதாகப் போடுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? கிலோமீட்டர் ஓடவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், பெல்ட்டுக்கு வயசும் கணக்கு. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் அது செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஆழியார்
5 அக்டோபர் 2025, இரவு 9:40

அண்ணா, பெல்ட் 2018-இல், 1,28,000-இல் மாற்றியது. வாட்டர் பம்பும் சேர்த்து. டயரில் 3217 என்று இருக்கிறது. பட்டன் எல்லாம் தேயாமல் புதுசு போல இருப்பதால் நல்ல டயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கட்டை போல இருக்கிறது.

கான்டெசா மகள், உங்கள் பதிவைக் காலையில் படித்துவிட்டுக் கீழே போய் உறையை எடுத்துப் பார்த்தேன். முன்பக்க டிஸ்க் இரண்டிலும் துரு. இன்ஜின் மேல் மூடிக்குள் தேங்காய் நார். எங்கிருந்தோ எலி கொண்டுவந்திருக்கிறது. ஒயரை இன்னும் கடிக்கவில்லை.

நான் இவ்வளவு நாளும் இந்த வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

---

சிஎஸ்2 (யாழ்ப்பாணம்)
6 அக்டோபர் 2025, இரவு 8:05

அண்ணை, வணக்கம். இதே உடம்புள்ள லான்சர் இஞ்சை நிறைய ஓடுது. சி.எஸ். லான்சர் எண்டுதான் சொல்லுவினம். என்னட்டை இருக்கிறது 1.5, உங்கட மாதிரி 2 லிட்டர் இல்லை. ஆனால் கதவு, கண்ணாடி, லோயர் ஆர்ம், புஷ் எண்டு நிறையச் சாமான் ஒத்துப்போகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு நாள் நடந்தால் முழு வாகனத்தையே துண்டு துண்டாக வாங்கி வரலாம்.

இஞ்சை 2020-இல இருந்து அஞ்சு வருசத்துக்குக் கிட்ட வாகன இறக்குமதி இல்லை. இந்த வருசம் பெப்ரவரியிலதான் திறந்துவிட்டவை. அந்தக் காலத்தில பழைய வாகனத்தை ஒருத்தரும் குப்பையாப் பார்க்கேல்லை. பட்டறையில இருக்கிற பெடியள் ஒவ்வொரு சாமானையும் கழட்டித் திருத்தப் பழகினாங்கள். அதனால சொல்லுறன், உதிரிப்பாகம் கிடைக்காது எண்ட பயத்தில மட்டும் விக்காதேங்கோ. அம்மாவுக்காக எண்டால் அது வேற கதை, அதில நான் ஒண்டும் சொல்ல ஏலாது.

வாங்குறவருக்குச் சாமான் தேவைப்பட்டால் என்னைக் கேக்கச் சொல்லுங்கோ. பகுதி எண் தெரிஞ்சால் தேடித் தாறன்.

---

கோ-டிரைவர் (ஓசூர்)
8 அக்டோபர் 2025, இரவு 10:18

இந்தியாவில் ராலி வரலாற்றில் செடியாவுக்கு இருக்கிற இடம் பெரியது. ஜிப்சிக்கும் எஸ்டீமுக்கும் அடுத்து, தேசிய ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் வேகத்தைக் கற்றுக்கொண்டது இதில்தான். நானே பக்கத்து சீட்டில் வளைவுக் குறிப்புகளை (நோட்ஸ்) வாசித்துக்கொண்டு மூன்று சீசன் போயிருக்கிறேன். சரளைக் கல்லில் நாலாவது கியரில் குதித்து இறங்கினாலும் கதவு ஒழுங்காகத் திறக்கும், அப்படிப்பட்ட உடல்.

எங்கள் ஆட்களில் ஒருவர் துருப்பிடிக்காத செடியா உடல் தேடுகிறார். 3 லட்சம் வரை கொடுப்பார். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் பாதுகாப்புக் கூண்டு அடித்து மண் ரோட்டில் ஓட்டுவார். நீங்கள் கேத்தனூரில் பார்த்து ஆசைப்பட்டீர்களே, அதே வாழ்க்கை உங்கள் வண்டிக்குக் கிடைக்கும். உறைக்குள் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். யோசித்துச் சொல்லுங்கள்.

---

ஆழியார்
19 அக்டோபர் 2025, இரவு 11:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். நாளை தீபாவளி. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

பட்டறை அண்ணன் சொன்னபடி ஹோஸ்கள், பெல்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று. டயரும் நாலும் புதுசு. "விக்கப்போற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று மைத்துனர் கேட்டார். இவ்வளவு நாள் செய்யாமல் விட்டதைச் செய்கிறேன் என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை மூன்று பேர். ஒருவர் பழைய வண்டி வாங்கி விற்கும் கம்பெனியிலிருந்து வந்த பையன். போனில் எதையோ தட்டிவிட்டு 70,000 என்றான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு அவர்கள் கணக்கில் அவ்வளவுதான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அது ஒரு எண். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

இரண்டாவது, கோ-டிரைவர் அனுப்பிய நண்பர். அருமையான மனிதர். ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்தே கிடந்தார். தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க முடியாது. 3 லட்சம் ரொக்கம்.

மூன்றாவது, பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி. 26 வயது. அப்பாவோடு சேர்ந்து தென்னைநார்த் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தான், கூடவே அவன் ஊர் மெக்கானிக் மாமா. வருவதற்கு முன் போன் செய்து, "அண்ணா, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க, குளிர்ந்த இன்ஜின்ல சத்தம் கேக்கணும்" என்றான். விலை கேட்பதற்கு முன் கேட்டது டைமிங் பெல்ட் பற்றி. அப்பாவின் நோட்டைக் காட்டினேன். படிக்கட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினான். "2014 ஜூன்ல லிட்டருக்கு 14 குடுத்திருக்குதுங்களே, எங்க போனீங்க?" என்றான். பெங்களூரு போனோம், என் தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது, அவன் கேட்கும்வரை எனக்கே ஞாபகமில்லை.

அவனால் முடிந்தது 2,10,000. கொஞ்சம் கூடக் கேட்டால் தன் பைக்கை விற்க வேண்டியிருக்கும் என்று சொன்னான், பேரம் பேசவில்லை.

90,000 ரூபாய் வித்தியாசம் எனக்குச் சின்னத் தொகை இல்லை. அம்மாவின் வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

---

கோ-டிரைவர்
20 அக்டோபர் 2025, காலை 7:02

தீபாவளி வாழ்த்துகள். என் நண்பருக்காக நான் வாதாட வேண்டும், ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராலி வண்டிக்கு நாங்கள் கொடுக்கும் வாழ்க்கை வேகமானது, நீளமானது என்று சொல்ல முடியாது. ஒரு மரம், ஒரு பாறை, ஒரு தவறான நோட். என் இரண்டாவது சீசனில் ஒரு செடியா உடலை ஆறு நொடியில் இழந்தோம், நாங்கள் இருவரும் நடந்து வெளியே வந்தோம். கூண்டு எங்களைக் காப்பாற்றியது. வண்டி அங்கேயே முடிந்தது. அதுவும் தெரிந்து முடிவெடுங்கள்.

---

கான்டெசா மகள்
20 அக்டோபர் 2025, காலை 9:15

நோட்டைப் படித்தவருக்குக் கொடுங்கள். என் ஓட்டு அவருக்கு.

---

இக்கான் 1.6
20 அக்டோபர் 2025, மாலை 4:48

தம்பியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 15 வருடம் முடிந்து 2022-இல் நீங்கள் 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்த ஆர்.சி. 2027-இல் முடியும். அப்போது வண்டிக்கு 20 வயது. 20 தாண்டிய கார்களுக்கு மறுபதிவுக் கட்டணத்தை இந்த ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டும்போது புகை, பிரேக், விளக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அதோடு பசுமை வரி. இதெல்லாம் தெரிந்து வாங்குகிறவன்தான் நிலைத்து வைத்திருப்பான்.

இன்னொன்று உங்களுக்கு. இழப்பீடு கேட்காததற்காக உங்கள் இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், உங்களுடையது, வண்டியோடு போகாது. விற்றதும் கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் புது வண்டி பாலிசிக்குப் பயன்படுத்தலாம். என் விஷயத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, 50 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஃபாஸ்டாக்கை மூட மறக்காதீர்கள்.

---

பட்டறை
20 அக்டோபர் 2025, இரவு 9:30

அம்மாவுக்குப் பார்க்கிற வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. என் மாமியாருக்கும் முட்டி மாற்றியிருக்கிறோம். ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள், பேப்பரில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். ரொம்ப உயரமான வண்டியும் ஆகாது, ஏறக் காலைத் தூக்க வேண்டும். நின்றபடி பின்னால் சாய்ந்தால் இடுப்புக்கு நேராக சீட் வர வேண்டும். முதலில் உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால் வழுக்கிக்கொண்டு சுலபமாகத் திரும்பும். திரும்பியதும் பையை உருவிவிடுங்கள்.

செடியாவுக்குப் பொள்ளாச்சித் தம்பிதான் சரி. குளிர்ந்த இன்ஜினைக் கேட்க வந்தவன் கையில் வண்டி கெடாது.

---

ஆழியார்
16 நவம்பர் 2025, இரவு 10:27

கொடுத்துவிட்டேன்.

பொள்ளாச்சித் தம்பிக்குத்தான். இரண்டு காரணம். ராலிக்காரரிடம் கொடுத்தால் அந்த நாலு சீட்டையும் கழற்றிவிடுவார். முன்பக்க இடது சீட் அப்பாவின் சீட். அது பழைய இரும்புக் கடைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரிடம் இதை அப்படியே சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "புரியுதுங்க" என்றார். இன்னொன்று, வால்பாறைக்குப் பொள்ளாச்சி வழியாகத்தான் போக வேண்டும்.

கொடுப்பதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒருமுறை மலை ஏறினேன். தனியாகத்தான் போவதாக இருந்தது. அம்மா, "நானும் வர்றேன்" என்றார். பட்டறை அண்ணன் சொன்ன பிளாஸ்டிக் பை வித்தையைச் செய்தேன். சீட்டின் மேல் மடித்த ஜமுக்காளம், அதன் மேல் பை. மூன்று நிமிடம் ஆயிற்று, ஆனால் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் சீட்டில். ஆழியாறில் இறங்கவில்லை, மீனை வண்டிக்கே வாங்கி வந்தேன். முதல் வளைவில் மெதுவாகத் திருப்பினேன். இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. ஆறாவது வளைவுக்கு முன்னால் அம்மா, "அப்பா கூட வர்றப்ப இப்படியா ஓட்டுவ?" என்று கேட்டார். அப்புறம் இரண்டாவது கியருக்கு இறக்கி, வண்டிக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி ஓட்டினேன். புது டயர், புது பிரேக் ஆயில். பத்து வருடத்துக்கு முன் இருந்தது போலவே இருந்தது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தியபோது அம்மா அழுதிருந்தார். நானும்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஆர்.டி.ஓ. வேலை முறைப்படி முடிந்தது. புதுப் பெயரில் ஆர்.சி. வந்த பிறகுதான் சாவி கை மாறியது. தம்பி 2,10,000 கொடுத்தான். நான் 10,000-ஐத் திருப்பிக் கொடுத்து, 2027 மறுபதிவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அப்பாவின் நோட்டையும் கொடுத்தேன். முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். சிஎஸ்2, உங்கள் எண்ணைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், கட்டாயம் கூப்பிடுவான்.

திருவள்ளூர் தொழிற்சாலையில் இப்போது சிட்ரோன் வண்டிகள் வருகின்றன. போன வாரம் அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போனபோது அங்கே செய்த ஒன்றில்தான் கையைப் பிடிக்காமல் தானாக உட்கார்ந்தார். அதையே பதிவு செய்திருக்கிறோம். அதற்காகத் தேடிப்போகவில்லை, அப்படி அமைந்தது.

பார்க்கிங் காலியாக இருக்கிறது. ஆயில் சொட்டிய கறை ஒன்று தரையில் இருக்கிறது. அதைக் கழுவ வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.

---

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)
7 டிசம்பர் 2025, இரவு 8:44

வணக்கங்க. செடியா வாங்கினது நான்தானுங்க. அண்ணன் சொல்லித்தான் இங்கே சேர்ந்தேன்.

மூன்று வாரத்தில் 1,900 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் நார் மில்லுக்கு இதில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போனேன். நோட்டில் 11 வரிகள் சேர்ந்திருக்கிறது.

அண்ணா, ஒரு சந்தேகம். வலது பக்கம் வேகமாகத் திரும்பும்போது மட்டும் டேஷ்போர்டுக்குள் இடது ஓரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் வருதுங்க. இடது வளைவில் மறுபடி ஒரு 'டிங்', கொஞ்சம் உள்ளே தள்ளி. மாமா கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. டேஷ்போர்டை இறக்கிப் பார்க்கலாமா?

---

ஆழியார்
7 டிசம்பர் 2025, இரவு 8:51

இறக்க வேண்டாம் தம்பி. அது அஞ்சு ரூபாய் நாணயம். 2013-இல் விஜயமங்கலம் டோலில் அப்பா கையிலிருந்து தவறி ஏ.சி. துவாரத்துக்குள் விழுந்தது. அவரே மூன்று தடவை எடுக்கப் பார்த்தார், வரவில்லை.

---

தென்னந்தோப்பு
7 டிசம்பர் 2025, இரவு 8:53

சரிங்கண்ணா. அது அங்கேயே இருக்கட்டுங்க.